புளியங்கொட்டையும் புலியும்

"நாலு வருஷத்துக்கு ஒரு தடவை காட்டில் இத்தனை புலி என்று அறிவிக்கிறார்கள். கதவைத் தட்டியா எண்ணுகிறார்கள்? ஒரே புலி நாலு கேமராவில் சிக்கினால் நாலு புலி ஆகிவிடாதா?" என்று கூடலூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். முதுமலையின் வாசலில் குடியிருப்பவர். அவர் கேட்காமல் வேறு யார் கேட்பது?

முன்கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். உலகின் முதல் தேசியப் பூங்கா அமெரிக்காவின் யெல்லோஸ்டோன், 1872. இந்தியாவில் முதலாவது 1936இல் வந்த ஹெய்லி பூங்கா. இன்றைய ஜிம் கார்பெட். 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், அடுத்த ஆண்டே ஒன்பது காப்பகங்களோடு புலிகள் திட்டம். சரணாலயம் என்றால் சில அனுமதிகள் உண்டு. தேசியப் பூங்கா என்றால் ஆடுமாடு மேய்க்கக்கூட உள்ளே விடமாட்டார்கள். அவ்வளவுதான். எல்லைக்கல் நட்டுக் காவலுக்கு ஆள் போட்டால் காடு தன்னைப் பார்த்துக்கொள்ளும் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாமல் எதை நிர்வகிப்பது என்ற கேள்வி தாமதமாகத்தான் உறைத்தது.

அதுவரை கால்தடம்தான் கணக்கு. 1960களில் ஒடிசாவின் வன அதிகாரி சரோஜ் ராஜ் சௌத்ரி வகுத்துக் கொடுத்த முறை. மண்ணில் பதிந்த தடத்தின் மேல் கண்ணாடியை வைத்துப் பேனாவால் விளிம்பை வரைந்து, அதைத் தாளில் படியெடுத்து, "இது இந்தப் புலி, அது அந்தப் புலி" என்று பிரிப்பார்கள். ஒரே கால் புழுதியில் ஒரு மாதிரியும் ஈர மண்ணில் வேறு மாதிரியும் பதியும். புலி ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் இதைச் சோதித்துப் பார்த்தார். மிருகக்காட்சிசாலைப் புலிகளின் தடங்களை எடுத்து, அனுபவசாலிகளிடம் கொடுத்து, எத்தனை புலி என்று கேட்டார். ஒருவருக்கும் சரியான விடை வரவில்லை. கைரேகை ஜோசியத்துக்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை என்பது என் கருத்து. ஜோசியராவது சம்பந்தப்பட்ட ஆளை எதிரில் உட்கார வைத்துக்கொள்கிறார்.

ராஜஸ்தானின் சரிஸ்காவில் இந்தக் குட்டு உடைந்தது. ஏட்டில் புலிகள் இருந்தன. 2005 வாக்கில் தேடிப் பார்த்தால் காட்டில் ஒன்றுகூட இல்லை. அத்தனையையும் கள்ளவேட்டை தின்றிருந்தது. நாடு முழுக்க 2002இல் 3,642 என்று சொல்லியிருந்த கணக்கு, முறையை மாற்றி 2006இல் எண்ணியபோது 1,411 ஆனது. இடையில் எத்தனை செத்தன, எத்தனை எப்போதுமே இல்லாதவை என்று இனி யாராலும் பிரிக்க முடியாது.

சரி, புது முறைக்கு வருவோம். அதற்கு ஒரு பானை புளியங்கொட்டை போதும்.

போன விடுமுறையில் என் அண்ணன் மகளோடு செய்து பார்த்தேன். பானையில் எத்தனை கொட்டை என்று இருவருக்கும் தெரியாது. ஒரு பிடி அள்ளினாள், 40 இருந்தன. ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைத்துக் காயவிட்டு, பானையில் போட்டு நன்றாகக் கிளறினோம். மறுபடி இரண்டு கையாலும் அள்ளினாள்: 50 கொட்டை, அதில் பொட்டு வைத்தவை 5. பத்தில் ஒன்று பொட்டு வைத்தது. பானை முழுக்க அதே விகிதம் என்றால், 40 பொட்டு மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு, ஆக 400. கீழே கொட்டி எண்ணினோம். 381. பானையை ஒரு தடவைகூட முழுசாகப் பார்க்காமல் சொன்ன விடை அது! "சித்தப்பா, திரும்ப" என்றாள். இந்தத் தடவை சோம்பல்பட்டுக் கிளறாமல் விட்டாள். பொட்டு வைத்ததெல்லாம் மேலேயே கிடந்ததால் 50இல் 25 சிக்கின. கணக்குப்படி வெறும் 80 கொட்டை. கிளறுவதில்தான் எல்லாம் இருக்கிறது என்று அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

டென்மார்க்கில் பீட்டர்சன் என்பவர் 1896இலேயே மீன்களுக்குச் சொன்ன தந்திரம் இது. 1930இல் அமெரிக்காவின் ஃபிரெடெரிக் லிங்கன் அதை வாத்துகளுக்குப் பயன்படுத்தினார். தொண்ணூறுகளில் கர்நாடகத்தின் நாகரஹொளெ காட்டில் புலிக்குக் கொண்டுவந்தவர், மேலே சொன்ன அதே கரந்த். புலியிடம் பெரிய வசதி, சுண்ணாம்பு வேண்டாம். பொட்டோடுதான் பிறக்கிறது. ஒரு புலியின் வரி இன்னொன்றுக்குக் கிடையாது. ஒரே புலிக்கே இடப்பக்க வரி வேறு, வலப்பக்க வரி வேறு. அதனால்தான் காட்டுப்பாதையில் கேமராக்களை ஜோடியாக, எதிரெதிரே, முழங்கால் உயரத்தில் கட்டுகிறார்கள். இடப்பக்கம் மட்டும் ஒரு படம், வலப்பக்கம் மட்டும் இன்னொரு படம் என்று கிடைத்தால் அது ஒரு புலியா, இரண்டா என்று சொல்லவே முடியாது.

கேமராவுக்குப் புலியும் தெரியாது, மானும் தெரியாது. எதிரில் திடீரென்று வெப்பம் மாறினால் படம் எடுக்கும், அவ்வளவே. வெயிலில் சுட்ட புல் காற்றில் ஆடினாலும் எடுக்கும். 2022 கணக்கெடுப்பில் விழுந்தவை 4.7 கோடிப் படங்கள்; புலிப் படம் 97,399. வரிகளை ஒப்பிட்டுப் பிரித்தபோது தனித்தனிப் புலிகள் 3,080. கூடலூர்க்காரரே, கவனியுங்கள்: சராசரியாக ஒரு புலிக்கு முப்பது படத்துக்கு மேல். ஒரே புலி நாலு கேமராவில் வருவது இந்த முறையில் பிழையே அல்ல, அதுதான் இதன் உயிர். மறுபடி மறுபடி சிக்கியவை எத்தனை என்று தெரிந்தால்தான் ஒரு தடவைகூட முகம் காட்டாதவை எத்தனை என்று கணக்கிட முடியும். அப்படிக் கணக்கிட்டும், கேமரா வைக்காத இடங்களில் எச்சத்தையும் தடத்தையும் இரையையும் வைத்து மதிப்பிட்டும் வந்ததுதான் 3,682. தமிழ்நாட்டுக்கு 306.

காட்டை யார் கிளறுவது? புலிகள்தான். தினமும் நடக்கும் அவை தாமாகவே கலந்துகொள்கின்றன, ஆனால் முழுசாக இல்லை. கேமராவின் வெளிச்சத்துக்குக் கூச்சப்பட்டு அந்தப் பாதையையே விட்டுவிடும் புலி இருந்தால் மறுபடி சிக்குவது குறையும். 50இல் 5 வர வேண்டிய இடத்தில் 2 வந்தால் விடை 1,000 ஆகிவிடும். பாதி வீடு பூங்காவுக்குள்ளும் பாதி வெளியிலுமாக வைத்திருக்கும் எல்லைப் புலி இன்னொரு தலைவலி. அதற்குத்தான் இப்போது எந்தக் கேமராவில் எத்தனை தடவை வந்தது என்பதையும் சேர்க்கிறார்கள். புலியின் வாசஸ்தலத்து நடுவிலிருந்து தள்ளிப் போகப்போக அது சிக்கும் வாய்ப்பு குறையும். அந்தச் சரிவை வைத்து, அதன் வீடு எல்லைக்கு வெளியே எவ்வளவு நீள்கிறது என்று ஊகிக்கிறார்கள். அழகான கணக்கு, எனக்கு அலுப்பதே இல்லை.

அலுப்பு வருவது வேறு இடத்தில். ஒரு புலிக்கு வாரத்துக்கு ஒரு மான் அளவு இரை வேண்டும். வருஷத்துக்குச் சுமார் ஐம்பது. அந்த ஐம்பதையும் கொடுத்துவிட்டுக் குறையாமல் இருக்க சுமார் ஐந்நூறு இரைவிலங்குகள் வேண்டும். அவற்றுக்குப் புல் வேண்டும். முதுமலையில் அந்தப் புல்லை உண்ணிச்செடியும் மஞ்சள் கொன்றையும் மூடிக்கொண்டிருக்கின்றன. புலியை எண்ணக் கிடைக்கும் பணமும் கவனமும் புல்லை எண்ணக் கிடைப்பதில்லை. புலிநகச் சங்கிலி போட்டால் தைரியம் வரும் என்று இன்னும் தேடி அலைபவர்களைக் கேட்டால், அவர்களுக்குப் புல்லைப் பற்றி என்ன தெரியும்? அந்தச் சங்கிலிக்குச் சிறைத்தண்டனை உண்டு என்பதாவது தெரிந்தால் நல்லது.

கேமராவைச் சுமந்து போய்க் கட்டுபவர்கள், அதன் மெமரி அட்டையைக் கழற்றி மாற்றுபவர்கள் பெரும்பாலும் வேட்டைத் தடுப்புக் காவலர்கள். பலர் அந்தந்தக் காட்டின் பழங்குடிகள். தண்ணீர் பாட்டில், அரிவாள், ஒரு பொட்டலம் சோறு. போய்ச் சேர்ந்தால் சில இடங்களில் மரத்தில் வார்ப்பட்டை மட்டும் தொங்கும். யானைக்கு அந்தப் பெட்டி ஏனோ பிடிப்பதில்லை. தரையில் தேடி எடுத்த அட்டையைப் போட்டுப் பார்த்தால் இருபது நாள் புல், நாலு புள்ளிமான், ஒரு செந்நாய். கடைசிப் படத்தில் திரை முழுக்கத் தும்பிக்கை.