சீலண்ட்: முத்திரையா, பசையா, அடைப்பா?

குளியலறையில் சுவரும் தரையும் சேரும் மூலையைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். வேலை ஒழுங்காக நடந்த இடமென்றால் அங்கே ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு ஓடும். நகத்தால் அழுத்தினால் ரப்பர் மாதிரி உள்வாங்கி மறுபடி எழும். அதுதான் சீலண்ட். டைல்ஸ் பதிக்கிறவர் வாயில் அது 'சிலிக்கான்'. "ஒரு சிலிக்கான் அடிச்சு விட்டா போதும் சார்" என்பதோடு அவர் விளக்கம் முடிந்துவிடும்.

இதற்குத் தமிழ் என்ன? ஒரு டியூபின் பின்பக்கத்தில் 'முத்திரை குத்தும் பொருள்' என்று அச்சிட்டிருந்ததை ஒருமுறை பார்த்தேன். சிரிப்பு வந்தது. ஆனால் அந்தப் பிழைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

சீல் என்ற ஆங்கிலச் சொல்லின் மூலம் லத்தீன் 'சிகில்லும்'. அடையாளம் என்று பொருள்படும் 'சிக்னும்' என்பதன் குறுக்கம் அது. சின்ன அடையாளம் என்று சொல்லலாம். மடித்த கடிதத்தின் மேல் மெழுகை உருக்கி ஊற்றி மோதிரத்தால் அழுத்தினார்கள். மோதிரம் பதித்தது அடையாளத்தை. மெழுகு செய்ததோ மூடும் வேலையை. நாளடைவில் சொல் அடையாளத்தை விட்டு மூடலுக்குத் தாவிவிட்டது. காற்றுப் புகாமல், நீர் கசியாமல் மூடுவதெல்லாம் சீல் ஆனது. மூடும் பொருள் சீலண்ட் ஆனது. (கடலில் நீந்தும் சீலுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.)

தமிழில் இந்தத் தாவல் நடக்கவில்லை. பொறி, இலச்சினை, முத்திரை எல்லாம் அடையாளமாகவே நின்றுவிட்டன. பட்டினப்பாலையில் புகார்த் துறையின் சுங்கக்காரர்கள் மூட்டைகளில் புலிப் பொறி வைத்து அனுப்புகிறார்கள். அது சோழனின் அடையாளம். எந்தக் கசிவையும் அது அடைக்கவில்லை. ஆகவே சீலண்டை முத்திரையோடு முடிச்சுப் போட்டால் தமிழ்க் காதுக்கு ரப்பர் ஸ்டாம்ப்தான் நினைவுக்கு வரும்.

நமக்கு வேண்டிய வினை 'அடை'. ஓட்டையை அடைக்கிறோம், விரிசலை அடைக்கிறோம். அப்படியானால் 'அடைப்பான்' என்று வைத்துவிடலாமா? கால்நடை வளர்க்கிறவர்களிடம் சொல்லிப் பாருங்கள், பதறுவார்கள்: ஆந்த்ராக்ஸ் நோய்க்குத் தமிழில் அந்தப் பெயர்தான். வெறும் 'அடைப்பு'? "குளியலறையில் அடைப்பு" என்று பிளம்பருக்குப் போன் செய்தால் அவர் சாக்கடைக் குழாயைக் குத்தும் கம்பியோடு வந்து நிற்பார். தண்ணீர் போக வேண்டிய இடத்தில் போகாதது அடைப்பு. போகக் கூடாத இடத்தில் போகாமல் தடுப்பது சீலண்ட். இரண்டையும் ஒரே சொல்லில் போட முடியாது.

தொழிலாளர் பழஞ்சொற்களிலும் துழாவலாம். மரத்தின் ஓட்டையிலும் வெடிப்பிலும் தச்சர் வைப்பது மக்கு. நல்ல சொல், ஆனால் மக்கு காய்ந்தால் கெட்டிப்பட்டுவிடும். சீலண்ட் கெட்டிப்படவே கூடாது. கப்பல் வேலையில் 'கலப்பத்து' என்று ஒன்று உண்டு. பலகைகளுக்கு நடுவே நாரைத் திணித்துப் பிசின் பூசி நீர் புகாமல் செய்வது. அரபு, போர்ச்சுக்கீசியக் கடலோடிகள் வாயில் புழங்கிய சொல்லின் உறவு இது. பொருளில் இதுவே மிக நெருக்கம், ஏனென்றால் கப்பல் பலகையும் ஊறும், சுருங்கும், அசையும். கடைகளில் சீலண்டுக்கு இன்னொரு பெயராக வழங்கும் 'கால்க்' என்பதும் கப்பலிலிருந்து கரையேறியதுதான். அதன் லத்தீன் மூலத்துக்குக் குதிகாலால் மிதித்துத் திணித்தல் என்று பொருள். கலப்பத்தை மீட்டெடுக்க எனக்கு ஆசைதான். ஆனால் கப்பல் துறைக்கு வெளியே அது யாருக்கும் புரியாது.

நான் எழுதும்போது 'அடைபசை' என்று எழுதுகிறேன். வினைத்தொகை: அடைத்த, அடைக்கிற, அடைக்கும் பசை. 'பசை' கட்டாயம் வேண்டும், ஏனென்றால் ஒட்டாத சீலண்ட் வெறும் ரப்பர் துண்டு. 'அடை' முன்னால் வர வேண்டும், ஏனென்றால் டைலைச் சுவரில் பிடித்து நிறுத்தும் டைல் பசை வேறு பொருள். அது அசையாமல் பிடிக்கும், இது அசைவுக்கு இடம் கொடுத்துப் பிடிக்கும்.

இதோடு குழம்பும் வேறு இரண்டு சொற்களைப் பிரித்துவிட வேண்டும். டைல்களுக்கு நடுவே நிரப்புவது கிரவுட். ஆங்கிலத்தில் அது முன்பு கரடுமுரடான மாவையும் கூழையும் குறித்த சொல். சிமென்ட் கிரவுட் காய்ந்தபின் கல் மாதிரி நிற்கும், ஆனால் நீரை உறிஞ்சும். இடுக்குச்சாந்து என்றால் பொருந்தும். சீலர் என்பது கல்லிலும் கிரவுட்டிலும் ஊறிப்போகும் பூச்சு, இடுக்கை நிரப்பாது. சீலர் வாங்கி வந்து மூலையில் ஊற்றினால் காசுக்குக் கேடு.

என் வீட்டிலேயே ஷவர் மூலை முழுக்க கிரவுட் வைத்துவிட்டுப் போனார்கள். சில மாதங்களில் மயிரிழை போல ஒரு விரிசல், பிறகு அதில் கறுப்பு. சுவரும் தரையும் வெவ்வேறு விதமாக அசைகிறவை. அவை சந்திக்கும் கோட்டில் கெட்டிச் சாந்து பிளக்காமல் என்ன செய்யும்? தளம் மாறும் இடமெல்லாம் அடைபசைக்கு உரியது.

'சிலிக்கான்' என்று கேட்டு வாங்குவதிலும் ஒரு சிக்கல். சிலிக்கான் என்பது ஒரு தனிமம், சிக்கிமுக்கிக் கல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். டியூபில் இருப்பது சிலிக்கோன் என்ற பாலிமர். 1901-இல் ஃபிரெடெரிக் கிப்பிங் என்ற வேதியியலாளர், அதன் வாய்பாடு கீட்டோன் என்ற கரிமச் சேர்ம வகையின் வாய்பாட்டை ஒத்திருந்ததால் இந்தப் பெயரைச் சூட்டினார். உண்மையில் அது கீட்டோன் இல்லை, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

சிலிக்கோனிலும் இரண்டு சாதி உண்டு. மூடியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அது அசிட்டிக் வகை: காற்றின் ஈரத்தோடு சேர்ந்து இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். பீங்கான் டைலுக்கும் கண்ணாடிக்கும் அது பழுதில்லை. பளிங்குக் கல்லை அரிக்கும், செம்பையும் கெடுக்கும். அங்கே நியூட்ரல் என்று எழுதியதே வேண்டும். 'சானிட்டரி' என்ற சொல் பூஞ்சைக்கொல்லி சேர்த்திருப்பதைச் சொல்கிறது. 25 என்ற எண் கண்ணில் பட்டால், ஐ.எஸ்.ஓ. 11600 தர வகைப்படி இடுக்கு தன் அகலத்தில் 25 விழுக்காடு விரிந்தாலும் சுருங்கினாலும் தாங்கும் என்று பொருள். சிலிக்கோன் அல்லாத அக்ரிலிக் சீலண்டும் உண்டு: விலை குறைவு, மேலே பெயின்ட் அடிக்கலாம், ஆனால் தினமும் நனையும் ஷவருக்கு ஆகாது. வினிகர் வாடையும் வேண்டாம், பெயின்டும் பிடிக்க வேண்டும் என்றால் எம்.எஸ். பாலிமர் என்ற இன்னொரு வகைச் சீலண்ட்.

எதை வாங்கினாலும் பழையதைச் சுரண்டி எடுக்காமல் மேலே அடிப்பது வீண்; இறுகிய சிலிக்கோனில் புது சிலிக்கோன் ஒட்டாது. இடுக்கின் இரு பக்கச் சுவர்களில் மட்டும் அது ஒட்ட வேண்டும், அடியில் ஒட்டினால் இழுபடும்போது கிழியும். அதனால்தான் ஆழமான இடுக்கில் முதலில் ஒரு நுரைக் கயிற்றைத் திணிக்கிறார்கள். 6 மில்லிமீட்டர் அகலம், 6 மில்லிமீட்டர் ஆழம் என்றால் 310 மில்லி டியூப் ஒன்று ஏறக்குறைய எட்டரை மீட்டர் நீளத்துக்கு வரும். குளியல்தொட்டி ஓரத்தில் அடிப்பதானால் தொட்டியில் தண்ணீர் நிரப்பிவிட்டு அடியுங்கள். பாரத்தில் தொட்டி இறங்கி, இடுக்கு முழுதாக விரிந்திருக்கும்போது நிரப்பியது பிறகு அழுந்தும், பிய்யாது. மறுநாள் இறுகியபின் தண்ணீரைத் திறந்துவிடலாம்.