கரண்ட் போனாலும் மோட்டார் ஓட: சேஞ்ச் ஓவர் சுவிட்ச் செய்யும் வேலை

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் மோட்டார் ரூமில், மெயின் போர்டுக்குப் பக்கத்தில் நீளமான கைப்பிடியோடு ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். அதுதான் சேஞ்ச் ஓவர் சுவிட்ச். கைப்பிடியை ஒரு பக்கம் திருப்பினால் ஈ.பி. லைன், மறுபக்கம் திருப்பினால் ஜெனரேட்டர். இரண்டுக்கும் நடுவில் 0 என்று ஒரு நிலை. எந்தப் பக்கம் போவதாக இருந்தாலும் கைப்பிடி இந்த 0-ஐத் தாண்டித்தான் போக முடியும். ஒரு பக்கத்துத் தொடர்பு முழுவதும் விட்ட பிறகே மறுபக்கத்துத் தொடர்பு சேரும்படி உள்ளே அமைத்திருக்கிறார்கள். இந்தச் சுவிட்சின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

அந்த இடைவெளி இல்லாவிட்டால் என்ன ஆகும்? தெருவில் உள்ள ட்ரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாக இறக்குகிறது. அதே ட்ரான்ஸ்ஃபார்மருக்குக் கீழ்ப் பக்கத்திலிருந்து மின்சாரம் கொடுத்தால் ஏற்றவும் செய்யும்; அதற்குத் திசை தெரியாது. வீட்டு ஜெனரேட்டரிலிருந்து லைனுக்குள் போகும் 230 வோல்ட், மேல் பக்கம் சுமார் 10,000 வோல்ட்டாக வெளியே வரும். கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் அதைத் தொட்டால் பிழைப்பது அரிது.

'தெரு முழுக்க லோடு இருக்கிறதே, சின்ன ஜெனரேட்டர் தாங்காமல் நின்றுவிடுமே' என்று சிலர் சொல்வார்கள். சாதாரண மின்வெட்டில் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். ஆனால் புயலில் கம்பிகள் அறுந்து, லைன் துண்டு துண்டாகிக் கிடக்கும்போது தெருவின் லோடு ஜெனரேட்டர் மேல் விழாது. ஜெனரேட்டர் நிற்காமல் ஓடும், அறுந்த கம்பியில் உயிர் இருக்கும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபின் டெல்டா மாவட்டங்களில் பல நாட்கள் கரண்ட் இல்லை. ஊர் ஊராக ஜெனரேட்டரைக் கொண்டுபோய்த்தான் தண்ணீர்த் தொட்டிகளை நிரப்பினார்கள். இப்படி ஜெனரேட்டரிலிருந்து லைனுக்குள் திரும்பிப் போகும் பின்னூட்ட மின்சாரம் ஆளைக் கொல்வதற்கு மிக வாய்ப்பான நேரமும் அதுதான். ஆகவே இரண்டு முனையிலும் பிளக் பின் வைத்த வயரைச் சுவர்ப் பிளக்கில் செருகி ஜெனரேட்டரிலிருந்து வீட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் வேலையை எந்த அவசரத்திலும் செய்யக்கூடாது.

த்ரீ ஃபேஸ் மோட்டாருக்கு நான்கு 'போல்' (ஒரே கைப்பிடியில் மாறும் நான்கு வயர்ப் பாதை) சுவிட்ச் வாங்குங்கள்: மூன்று ஃபேஸ், ஒரு நியூட்ரல். சிங்கிள் ஃபேஸுக்கு இரண்டு போல். நியூட்ரலை மாற்றாமல் விட்டால் ஈ.பி. நியூட்ரலும் ஜெனரேட்டர் நியூட்ரலும் ஒன்றாகவே கிடக்கும். எர்த் வயர் மட்டும் சுவிட்சுக்குள் போகக்கூடாது. அது எங்கும் அறுபடாமல் மோட்டார் வரை போக வேண்டும். 5 எச்.பி. மோட்டார் ஓடும்போது சுமார் 8 ஆம்பியர்தான் எடுக்கும். ஆனால் நேரடி ஸ்டார்ட்டரில் கிளம்பும் கணத்தில் ஆறிலிருந்து எட்டு மடங்கு, அதாவது 50 ஆம்பியரைத் தொடும். அது சற்று நேரம்தான் என்றாலும் சுவிட்ச் தாங்க வேண்டும்; எனவே 32 ஆம்பியர் சுவிட்ச் போடுவது நல்லது.

ஜெனரேட்டரின் அளவும் இதே காரணத்தால் கூடுகிறது. ஓட்டத்துக்கு 6 கே.வி.ஏ. போதும் என்றாலும், நேரடி ஸ்டார்ட்டர் என்றால் 12.5 முதல் 15 கே.வி.ஏ. வேண்டும். ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் கிளம்பும் கரண்ட்டை மூன்றில் ஒரு பங்காக்கும். வீட்டு 850 வி.ஏ. இன்வெர்ட்டரில் 1 எச்.பி. மோட்டாரைப் போட்டால் ட்ரிப் ஆவதற்கு இந்தக் கிளம்பும் கரண்ட்டும் ஒரு காரணம்; ஓட்டத்துக்கே 850 வி.ஏ. போதாது.

மாற்றும் வரிசை முக்கியம். முதலில் ஸ்டார்ட்டரில் மோட்டாரை ஆஃப் செய்யுங்கள். கைப்பிடியை 0-வுக்குக் கொண்டுவாருங்கள். ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்து இரண்டு மூன்று நிமிடம் சும்மா ஓடவிட்டு, மீட்டரில் 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்தபின் ஜெனரேட்டர் பக்கம் தள்ளுங்கள். மோட்டாரை முதலில் போட்டுவிட்டு, விளக்கு, மற்ற லோடுகளைப் பிறகு சேர்க்க வேண்டும்.

ஹெர்ட்ஸ் மீட்டரை யாரும் பார்ப்பதில்லை. பம்புக்கு அது பெரிய விஷயம். பம்பு எடுக்கும் திறன் வேகத்தின் மூன்றாம் அடுக்கில் மாறும். 50 ஹெர்ட்ஸ் 53 ஆனால் வேகம் 6 சதவீதம்தான் கூடும், ஆனால் மோட்டார் மேல் பாரம் சுமார் 19 சதவீதம் ஏறும். பாரம் கூடினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே விழும். 47-க்கு இறங்கினால் தண்ணீரை ஏற்றும் உயரம் சுமார் 12 சதவீதம் குறையும். ஆழமான போர்வெல்லில் தண்ணீர் தொட்டிவரை ஏறாமலே போகலாம்.

ஜெனரேட்டரில் ஓட்டினால் மட்டும் தண்ணீர் குறைவாக வருகிறது என்றால் முதலில் ஃபேஸ் வரிசையைச் சந்தேகப்படுங்கள். வரிசை மாறினால் த்ரீ ஃபேஸ் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். சுவிட்சில் ஜெனரேட்டர் வந்து சேரும் இடத்தில் ஏதாவது இரண்டு ஃபேஸ் வயரை மாற்றிக் கட்டினால் சரியாகும். மோட்டார் பக்கம் மாற்றினால் ஈ.பி.யில் தலைகீழாக ஓடும்.

ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சட்டென்று தள்ளுவதும் ஆபத்து. கரண்ட் நின்ற மோட்டாரில் ஒன்றிரண்டு வினாடிக்குக் காந்தப்புலம் மிச்சமிருக்கும். அதோடு முரண்பட்டு வரும் புதுக் கரண்ட் மோட்டாரை உலுக்கிவிடும். போர் மோட்டாரில் இன்னொன்றும் உண்டு. தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு பழுதாகியிருந்தால் குழாயில் நிற்கும் தண்ணீர் கீழே இறங்கும்போது பம்பைத் தலைகீழாகச் சுற்றும். அப்போது ஸ்டார்ட் செய்தால் ஷாஃப்ட் முறியலாம். இரண்டு மூன்று நிமிடம் பொறுத்தால் இரண்டு ஆபத்தும் இல்லை.

சுவிட்ச் கருகுவதற்குப் பெரும்பாலும் லூஸ் கனெக்ஷன்தான் காரணம். வயர் முனையில் மாட்டும் உலோக லக் சரியாகப் பிடிக்காமல் ஓர் இடத்தில் 0.05 ஓம் தடை சேர்ந்து, 30 ஆம்பியர் ஓடினால், அந்த ஒரு ஸ்க்ரூவில் 45 வாட் சூடு. சாலிடரிங் அயர்ன் ஒன்றை உள்ளே வைத்து மூடியதற்குச் சமம். அலுமினியக் கேபிள் சூட்டில் விரிந்து சுருங்கி மேலும் லூஸாகும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரண்டு பக்கமும் கரண்ட் இல்லை என்று டெஸ்டரில் உறுதிசெய்து, ஸ்க்ரூக்களை முறுக்குங்கள். நிறம் மாறிய லக்கை வெட்டிவிட்டுப் புதிது போடுங்கள்.

கரண்ட் போனதும் ஜெனரேட்டரைக் கிளப்பி மாற்றும் வேலையைத் தானே செய்யும் ஏ.எம்.எஃப். (ஆட்டோ மெயின்ஸ் ஃபெயிலியர்) பேனல் வைத்தவர்களுக்கு ஒரு குழப்பம் வரும்: பேனல் மாறிவிட்டது, மோட்டார் மட்டும் ஓடவில்லை. கரண்ட் இருக்கும்வரை ஸ்டார்ட்டரைப் பிடித்து வைத்திருக்கும் நோ வோல்ட் காயில், கரண்ட் போன கணமே விட்டுவிடும். யாராவது பச்சைப் பட்டனை அழுத்தும்வரை அது திரும்பப் பிடிக்காது. தானாக ஓட வேண்டுமென்றால் டைமர் உள்ள ஆட்டோ ஸ்டார்ட்டர் தனியாக வேண்டும். அதில் தாமதத்தை 2 நிமிடத்துக்குக் குறைக்காதீர்கள். அதைப் பொருத்திய பின், மோட்டாரில் கை வைக்கும் எவரும் முதலில் பேனலை ஆட்டோவிலிருந்து ஆஃபுக்கு மாற்றி, மோட்டாரின் மெயின் ஐசொலேட்டரை இறக்கிப் பூட்டுப் போட வேண்டும். கரண்ட் இல்லாத நேரம்தானே என்று கை வைத்தால், ஜெனரேட்டர் தானாகக் கிளம்பி மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்துவிடும்.