நேர்முகத் தேர்வா? பதிலை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்

பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு டெக்னீசியன் வேலை கேட்டுப் போகும் நம் பிள்ளைகள் பலர், முதல்நாள் இரவு பதில்களைக் கைப்பேசியில் வாசித்துவிட்டுப் போகிறார்கள். கண் வாசித்தது நாக்குக்குப் பழகியிருக்காது. “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றதுமே திணறிவிடுகிறார்கள்.

முழுப் பதிலையும் எழுதி மனப்பாடம் செய்ய வேண்டாம். நடுவில் ஒரு சொல் மறந்தால் மொத்தமும் போய்விடும். துண்டுத் தாளில் ஐந்தே சொற்களை எழுதுங்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கைப்பேசியில் பதிவு செய்தபடி சத்தமாகச் சொல்லுங்கள். ஒன்றரை நிமிடம் போதும். மூன்று முறை சொல்லுங்கள்; வாக்கியம் மாறலாம், விஷயம் மாறக்கூடாது.

பிறகு போட்டுக் கேளுங்கள். சொந்தக் குரலைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், விட்டுவிடாதீர்கள். ஆங்கிலத்தில் பதில் சொன்னால், முதலில் ‘வீ’ (நாங்கள்) என்று எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். “மெஷின் நின்றுபோனது, நாங்கள் சரிசெய்தோம்” என்றால் உங்கள் கை எங்கே பட்டது என்று கேட்பவருக்குத் தெரியாது. “சென்சாரில் தூசி படிந்திருந்தது. துடைத்து, கோணத்தைச் சரிசெய்தேன். 40 நிமிடத்தில் லைன் மறுபடி ஓடியது” என்று சொல்லுங்கள். தொழிற்பயிற்சியில் செய்த சின்ன வேலையானாலும் இப்படியே சொல்லலாம். செய்யாததைச் சேர்க்காதீர்கள். அடுத்த கேள்வியே “எந்த வகை சென்சார்?” என்று வரும்.

அதே பதிலை மலாயிலும் பழகுங்கள். அரசாங்க வேலை என்றால் மலாய்தான் முதலில். கூட்டாளிகளிடம் சுருக்கிப் பேசும் ‘தாக்’ (இல்லை), ‘நாக்’ (வேண்டும்) அங்கேயும் வாய்தவறி வந்துவிடும். ‘தீடாக்’, ‘ஹெண்டாக்’ என்று முழுச் சொல்லே தானாக வரும்வரை சொல்லுங்கள்.

அக்காவையோ நண்பரையோ எதிரே உட்காரவைத்து, பாதியில் குறுக்கே கேட்கச் சொல்லுங்கள். அதற்குப் பதில் சொல்லிவிட்டு, விட்ட இடத்துக்குத் திரும்பிப் பழக வேண்டும்.

சம்பளக் கேள்விக்கு “எவ்வளவு கொடுத்தாலும் சரி” என்று மட்டும் சொல்லாதீர்கள். 3,000 ரிங்கிட் சம்பளத்தில் ஊழியர் சேமநிதிக்கே 11 விழுக்காடு, 330 ரிங்கிட், பிடித்துவிடுவார்கள், சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புச் சந்தா தனி. கைக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டு, அடிப்படைச் சம்பளம் இவ்வளவு, ஷிப்ட் அலவன்ஸ் தனி என்று சொல்லிப் பழகுங்கள். தொகையைச் சொன்னதும் நிறுத்திவிடுங்கள். பதிவைக் கேட்டால், பின்னாலேயே “கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை” என்று குரல் இறங்கியிருக்கும். அது போகும்வரை மறுபடி மறுபடி பதிவு செய்யுங்கள்.