வால்யூம் குரூப்பில் இடம் மிச்சம் வையுங்கள்

எல்விஎம் என்பது டிஸ்குகளை ஒரே வால்யூம் குரூப்பாகச் சேர்த்து, அதிலிருந்து தேவைக்கேற்ப வால்யூம்களைப் பிரித்துத் தரும் லினக்ஸ் வசதி. சர்வரில் அதை அமைப்பவர்கள் பலரும், இருக்கிற இடம் முழுவதையும் முதல் நாளே ரூட்டுக்கும் (சிஸ்டம் இருக்கும் பகுதி) ஹோமுக்கும் (பயனர் கோப்புகள் இருக்கும் பகுதி) பங்கு போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். இடம் வீணாகவில்லை என்று தோன்றும். ஆனால் எல்விஎம்மால் கிடைக்கும் வசதிகளில் பெரும்பாலானவை, வால்யூம் குரூப்பில் காலியாகக் கிடக்கும் எக்ஸ்டெண்டுகளை, அதாவது இடத்தின் சிறு துண்டுகளை நம்பித்தான் இருக்கின்றன. குறைந்தது 15 முதல் 20 சதவீதமாவது ஒதுக்காமல் விடுங்கள்.

வால்யூமைப் பெரிதாக்குவது எளிது. எல்விஎக்ஸ்டெண்ட் கட்டளையோடு 'ஆர்' என்ற சிறிய எழுத்து விருப்பத்தையும் சேர்த்தால் ஃபைல் சிஸ்டமும் கூடவே வளரும். அதை விட்டுவிட்டால் வால்யூம் மட்டும் வளரும்; ஃபைல் சிஸ்டத்தின் இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளை பழைய அளவையே காட்டும்.

சிறிதாக்குவதுதான் சிக்கல். ஃபைல் சிஸ்டம் எக்ஸ்எஃப்எஸ் என்றால் குறைக்க முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஈஎக்ஸ்டி4 என்றால் அன்மவுண்ட் செய்து, ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்த்து, முதலில் அதைக் குறைத்து, பிறகுதான் வால்யூமைக் குறைக்க வேண்டும். வரிசை மாறினால் டேட்டாவின் வால் துண்டாகிவிடும். வால்யூமைக் குறைக்கும் எல்விரெடியூஸ் கட்டளையில் 20 ஜிபிக்கு முன்னால் கழித்தல் குறி விடுபட்டால் 20 ஜிபி குறையாது. 100 ஜிபி வால்யூம் 20 ஜிபியாகச் சுருங்கும். எச்சரிக்கைக் கேள்வி வரும்போது படிக்காமல் 'ஒய்' அழுத்தாதீர்கள்.

ஸ்னாப்ஷாட்டுக்கு வருவோம், அதாவது ஒரு குறிப்பிட்ட நேரத்தில் வால்யூம் இருந்த நிலையின் பதிவு. 100 ஜிபி வால்யூமுக்கு 10 ஜிபி ஸ்னாப்ஷாட் எடுத்திருக்கிறீர்கள். மூலத்தில் ஒரு பகுதி முதல்முறை மாறும்போது, அதன் பழைய உள்ளடக்கம் ஸ்னாப்ஷாட்டில் போய் உட்காரும். பேக்கப் முடிவதற்குள் அந்த 10 ஜிபி நிரம்பிவிட்டால் ஸ்னாப்ஷாட் செல்லாததாகிவிடும். மூலத்துக்கு ஒன்றும் ஆகாது. பேக்கப்தான் பாதியில் நிற்கும். தானாக வளர்க்கும் வசதி உண்டு. ஆனால் எல்விஎம் கான்ஃபிக் கோப்பில் அதன் வரம்பு இயல்பாக 100 என்று இருக்கும். அதாவது வசதி அணைந்திருக்கிறது. வரம்பை 70 ஆகவும் வளர்ச்சியை 20 ஆகவும் வைத்தால், 70 சதவீதம் நிரம்பியதும் 10 ஜிபி 12 ஜிபியாகும். இதற்குக் கண்காணிப்பு சர்வீஸ் ஓட வேண்டும், குரூப்பில் இடமும் இருக்க வேண்டும்.

தின் பூலுக்கும் (எழுத எழுத மட்டும் வால்யூம்களுக்கு இடம் தரும் பொது இருப்பு) இதேபோல் தனி வரம்பு உண்டு, அதுவும் 100தான். அங்கே விளைவு கடுமை. பூல் நிரம்பினால் எழுதும் வேலைகள் இயல்பாக 60 விநாடி காத்திருந்து, பிறகு பிழையாகத் திரும்பும். எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்ற குறிப்பான மெட்டாடேட்டா நிரம்பினால் மீட்பது இன்னும் கடினம். எல்விஎஸ் கட்டளை காட்டும் டேட்டா, மெட்டா சதவீதம் இரண்டுக்கும் அலாரம் வையுங்கள்.

ஒரு டிஸ்க் பழுதாகும் அறிகுறி தெரிந்தால், அதிலிருப்பதை பிவிமூவ் கட்டளை வேறு டிஸ்குக்கு நகர்த்தும், மவுண்ட்டைக் கழற்றாமலே. அதற்கும் மற்ற டிஸ்குகளில் காலி எக்ஸ்டெண்ட் வேண்டும். சாதாரண லீனியர் (நகல் இல்லாமல் இடத்தை வரிசையாகக் கோத்த) வால்யூம் இரண்டு டிஸ்குகளில் பரவியிருந்து ஒன்று செத்தால், மற்றதில் மிஞ்சியது பெரும்பாலும் உதவாது. ஒரு டிஸ்க் போனாலும் டேட்டாவைக் காக்கும் ரெய்டு வேறு, எல்விஎம் சேர்த்துக் கட்டுவது வேறு.

குரூப் அமைப்பின் நகல் ஈடிசி எல்விஎம் அடைவின் பேக்கப், ஆர்க்கைவ் இரண்டிலும் தானாகச் சேரும். அமைப்பை மீட்கும் விஜிசிஎஃப்ஜிரீஸ்டோர் கட்டளைக்கு அதுதான் ஆதாரம். ஆனால் ரூட்டும் அதே குரூப்பில் இருந்தால் நகலும் அங்கேதான் மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதை வேறொரு மெஷினுக்கு அனுப்பி வையுங்கள்.