கடை வாசலில் தெரியும் நிறம்

தைப்பொங்கலுக்கு முந்திய வாரத்தில் கிளிநொச்சியின் ஏ-9 வீதியோரப் புடவைக்கடை ஒன்றின் முன் சிறிது நேரம் நின்றால் ஒரு காட்சியைக் காணலாம். மேசை நிறையச் சேலைகளை விரித்துப் பார்த்து ஒன்றைத் தெரிந்தெடுத்த பெண், விலை பேசுவதற்கு முன்னர் அதன் தலைப்பைக் கையில் ஏந்தியபடி வாசலுக்கு வந்து, பகல் வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்ப்பார். சில வேளைகளில் முகம் மலரும். சில வேளைகளில், "தம்பி, உள்ளுக்குப் பார்த்த நிறம் இது இல்லையே" என்று சொல்லிச் சேலையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். என் அம்மாவும் அப்படித்தான் செய்வார். சிறு வயதில் எனக்கு அது வீண் சந்தேகமாகத் தெரிந்தது. ஒளியியலைப் படித்த பின்னரே, அம்மா செய்தது மிகச் சரியான சோதனை என்று விளங்கியது.

துணிக்கென்று தனியே ஒரு நிறம் கிடையாது. துணியில் ஏறியிருக்கும் சாயம், தன்மேல் விழும் ஒளியின் சில அலைநீளங்களை உறிஞ்சிக்கொண்டு மற்றவற்றைத் திருப்பி அனுப்புகிறது. தன்மேல் விழாத ஒளியை அதனால் திருப்பி அனுப்ப முடியாது. பகலொளியில் ஏறத்தாழ 400 முதல் 700 நனோமீற்றர் (ஒரு நனோமீற்றர் என்பது மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு) வரையான அலைநீளங்கள் எல்லாம் தொடர்ச்சியாக இருக்கின்றன. கடைகளில் நீண்டகாலம் எரிந்த குழல் விளக்கிலோ 545 நனோமீற்றரை அண்டிய பச்சை, 611 நனோமீற்றரை அண்டிய சிவப்பு என்று ஒடுங்கிய சில உச்சங்களே மேலோங்கி நிற்கும். இப்போது அந்த இடத்தைப் பிடித்துள்ள எல்ஈடி விளக்குகளில் பெரும்பாலானவை, 450 நனோமீற்றர் அளவிலான நீல ஒளியை ஒரு மஞ்சள் பூச்சின் ஊடாகச் செலுத்தி வெள்ளையை உண்டாக்குகின்றன; நீலத்துக்கும் பச்சைக்கும் இடையே அவற்றில் ஒரு பள்ளம் உண்டு, ஆழ்ந்த சிவப்பும் குறைவு. ஆயினும் இம்மூன்று வெளிச்சங்களும் நமக்கு வெள்ளையாகவே தெரிகின்றன.

இதற்குக் காரணம் நம் விழித்திரையின் அமைப்பு. நிறத்தை உணரும் கூம்புக் கலங்கள் மூன்று வகை மட்டுமே. அவை ஏறத்தாழ 420, 530, 560 நனோமீற்றரில் கூடுதலாகத் தூண்டப்படுகின்றன. ஒவ்வொரு வகையும் தனக்கு எவ்வளவு ஒளி கிடைத்தது என்ற மொத்தத்தை மட்டும் மூளைக்கு அறிவிக்கிறது. எந்த அலைநீளத்திலிருந்து எவ்வளவு வந்தது என்பதை அறிவிப்பதில்லை. தராசில் ஏற்றிய மூட்டையின் நிறையை மட்டும் கேட்டறிந்தவருக்கு, உள்ளே இருப்பது நெல்லா உழுந்தா என்று தெரியாது அல்லவா? அதுபோல, முற்றிலும் வேறான இரண்டு ஒளிக்கலவைகள் அந்த மூன்று மொத்தங்களையும் ஒரே அளவில் தந்துவிட்டால், நமக்கு அவை ஒரே நிறம்தான். இதனை மெற்றாமெரிசம் என்பார்கள்.

சேலைக்குப் பொருத்தமாக பிளவுஸ் துணி எடுப்பவர்கள் இதனால்தான் ஏமாறுகிறார்கள். பட்டுக்கு ஏற்றும் சாயமும் பொலியெஸ்டருக்கு ஏற்றும் சாயமும் வேதியியலில் வேறானவை. கடை விளக்கின் கீழ் இரண்டும் ஒரே அரக்கு நிறமாகத் தெரியலாம். வற்றாப்பளை கோயில் முற்றத்தின் வெயிலில், பட்டின் சாயம் கூடுதலான சிவப்பைத் திருப்பி அனுப்ப, பிளவுஸ் மண்ணிறமாகத் தனித்துத் தெரியலாம். விளக்கின் பொதுவான மஞ்சளையோ நீலத்தையோ மூளை பெரும்பாலும் கழித்துவிடுகிறது. மஞ்சள் விளக்கின் கீழும் கொப்பியின் தாள் வெள்ளையாகத் தெரிவது அந்தத் திறனால்தான். ஆனால் ஒரு விளக்கில் ஒன்றாயிருந்து மற்றொன்றில் பிரியும் இரண்டு சாயங்களுக்கு அந்தத் திருத்தம் உதவாது. ஆகவே துணிகள் இரண்டையும் ஒன்றாக வாசலுக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கேயும் மரத்தடி நிழலில் பார்க்கக் கூடாது. இலைகளினூடாக வரும் வெளிச்சத்தில் பச்சை கலந்திருக்கும்.

போர்க்காலத்தில், பொது மின்வழங்கல் இல்லாதிருந்த வன்னியில், ஜாம் போத்தல் விளக்கின் சுடரில் உடுப்புத் தெரிந்தெடுத்தவர்களுக்குக் கடும் நீலத்தையும் கறுப்பையும் பிரித்தறிவது பெரும்பாடாக இருந்தது. அந்தச் சுடரின் நிறமாலை தொடர்ச்சியானதுதான். ஆனால் அதில் நீலம் மிகக் குறைவு என்பதால், நீலத் துணி திருப்பி அனுப்புவதற்கு ஏறக்குறைய எதுவும் இருக்கவில்லை.

பாடசாலைச் சீருடைக்கான வெள்ளைத் துணியின் கதை வேறு. அதில் ஏற்றப்பட்டிருக்கும் ஒளிர்வூட்டிகள், கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளியை உறிஞ்சி அதை நீல ஒளியாக வெளியிடுகின்றன. முன்னர் நாம் தோய்த்த துணிக்குப் போட்ட நீலம், மஞ்சளை மறைப்பதற்காக ஒளியின் ஒரு பங்கைக் குறைத்தது. ஒளிர்வூட்டியோ கண்ணுக்கு எட்டும் ஒளியைக் கூட்டுகிறது. எல்ஈடி விளக்கில் புறஊதா அரிது என்பதால், கடைக்குள் சாதாரணமாகத் தெரிந்த சீருடைத் துணி வெயிலுக்கு வந்ததும் பளிச்சிடுகிறது. புத்தகக் கடையில் புதிய கொப்பியின் தாளையும் வாசிப்புப் புத்தகங்களின் இளமஞ்சள் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இதே வேறுபாடு தெரியும்.

மூன்று மொத்தங்களை மட்டும் அறியும் நம் கண்ணின் குறை இல்லாவிட்டால் கைத்தொலைபேசித் திரையே இருந்திராது என்பதுதான் எனக்கு எல்லாவற்றிலும் வியப்பானது. திரை மஞ்சள் அலைநீளத்தை உண்டாக்குவதில்லை. சிவப்புப் புள்ளியையும் பச்சைப் புள்ளியையும் ஒன்றாக எரியவிட்டு, மஞ்சள் ஒளி தரும் அதே மொத்தங்களைக் கூம்புக் கலங்களுக்குக் கொடுக்கிறது. மூன்று நிறங்களால் படத்தை மீட்டெடுக்கலாம் என்பதை இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் 1861 இல் இலண்டனில் செய்துகாட்டியபோது, படமாக இருந்ததும் ஒரு துணிதான். கட்டம் போட்ட ஒரு நாடா.

வெளிநாட்டிலிருக்கும் சகோதரிக்கு வீடியோ அழைப்பில் சேலை காட்டுவது இன்று வன்னியில் வழமையாகிவிட்டது. ஒளிப்படக் கருவியின் வடிகட்டிகள் நம் கூம்புக் கலங்களைப் போலவே ஒளியைப் பிரிப்பதில்லை. மூன்று புள்ளிகளால் எல்லா நிறங்களையும் எட்டவும் முடியாது. செறிந்த நீலப்பச்சைகள் திரையில் வெளிறிவிடும். மயில்கழுத்து நிறப் பட்டு இன்னும் கடினமானது. அதில் பாவு நூல் ஒரு நிறம், ஊடை நூல் வேறொரு நிறம். பார்க்கும் கோணத்தைப் பொறுத்து ஒன்று மேலோங்கி மற்றது அடங்கும். அசையாத படத்தில் அந்தச் சேலை நீலமாகவோ பச்சையாகவோ ஒன்றாகத்தான் விழும். எங்கள் வீட்டுக் கலியாணத்துக்குப் பட்டு எடுத்த நாளில், மறுமுனையில் இருந்த என் அக்கா, "அம்மா, வாசலுக்குக் கொண்டுபோய் மெல்ல ஆட்டிக் காட்டுங்கோ" என்று கேட்டார். அம்மா ஏற்கெனவே வாசலில்தான் நின்றிருந்தார்.