எட்டுப் பேர் சட்டமன்றம்: ஃபாக்லாந்து தீவுகளில் ஓட்டு எப்படி விழுகிறது

தென் அட்லாண்டிக் கடலில், தென் அமெரிக்கக் கரையிலிருந்து கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன பிரிட்டனின் கடல்கடந்த பிரதேசமான ஃபாக்லாந்து தீவுகள். 1982-இல் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் 74 நாள் போரிட்ட இடம் என்று பலரும் கேள்விப்பட்டிருப்போம். அங்கே வாழ்கிற சுமார் 3,600 பேர் தங்களுக்கென்று ஒரு சட்டமன்றத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது அவ்வளவாகத் தெரியாது. உறுப்பினர்கள் எட்டே பேர். பதவிக்காலம் நான்கு ஆண்டு. சட்டமன்றம் கலைந்தால் 70 நாட்களுக்குள் பொதுத்தேர்தல் நடந்தாக வேண்டும். கட்சி கிடையாது, நிற்பவர்கள் எல்லாருமே சுயேச்சைகள்.

தொகுதி இரண்டுதான். தலைநகர் ஸ்டான்லி ஒன்று. அதற்கு வெளியே இருக்கிற அத்தனை நிலமும் ‘கேம்ப்’ என்ற இன்னொரு தொகுதி. நாட்டுப்புறம் என்று பொருள்படும் ‘காம்போ’ என்ற ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஸ்டான்லிக்கு ஐந்து இடம், கேம்புக்கு மூன்று.

முக்கியமான விஷயம் வாக்குச்சீட்டில் இருக்கிறது. ஸ்டான்லி வாக்காளர் ஒரே சீட்டில் ஐந்து பேர் வரை குறி போடலாம், கேம்ப் வாக்காளர் மூன்று பேர் வரை. ‘வரை’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஐந்தையும் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

ஒரு பேச்சுக்கு, ஸ்டான்லியில் பத்துப் பேர் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எண்ணி முடித்ததும் அதிக ஓட்டு வாங்கிய முதல் ஐந்து பேர் உள்ளே, மற்றவர்கள் வெளியே. நீங்கள் மிகவும் நம்புகிற ஒருவர் ஐந்தாம் இடத்துக்கும் ஆறாம் இடத்துக்கும் நடுவே ஊசலாடுகிறார். ‘இவரும் நல்லவர்தானே’ என்று மிச்சமிருக்கிற குறிகளை வேறு சிலருக்குப் போடுகிறீர்கள். அவர்களில் ஒருவர் நாலைந்து ஓட்டில் உங்கள் ஆளை முந்திவிட்டால், அவரைத் தள்ளிவிட்டதில் உங்கள் கையும் இருக்கிறது. அதனால் ஒருவருக்கு மட்டும் குறி போட்டுவிட்டு மிச்சத்தை வெறுமையாக விடுவதும் இந்த முறையில் செல்லுபடியாகும் ஒரு முடிவு. மொத்த வாக்காளர்களே இவ்வளவு குறைவாக இருக்கிற இடத்தில் இது வீண் கணக்கு இல்லை. எனக்குத் தெரிந்து, இந்தத் தேர்தல் முறையில் வாக்காளர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியதே இதைத்தான்.

சரி, யாருக்கு ஓட்டு உண்டு? 18 வயது முடிந்திருக்க வேண்டும், ‘ஃபாக்லாந்து தீவு அந்தஸ்து’ (தீவைச் சேர்ந்தவர் என்ற சட்டத் தகுதி) இருக்க வேண்டும், அந்தத் தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தால் மட்டும் போதாது. மவுண்ட் பிளசன்ட் ராணுவ முகாமுக்குப் பணிக்காக வந்து போகிற பிரிட்டிஷ் வீரருக்கும், இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் வந்திருக்கிற ஆசிரியருக்கும் ஓட்டு இல்லை. அந்தஸ்து பலருக்குப் பிறப்பாலேயே கிடைக்கிறது. வெளியிலிருந்து வந்தவர்கள் ஏழு ஆண்டு வாழ்ந்த பிறகு விண்ணப்பிக்கலாம். செயின்ட் ஹெலினா தீவு, சிலி, பிலிப்பைன்ஸ் ஆகிய இடங்களிலிருந்து வந்தவர்கள் அங்கே கணிசமாக இருக்கிறார்கள். போர்க்காலக் கண்ணிவெடிகளை அகற்ற வந்த ஜிம்பாப்வேக்காரர்களில் சிலரும் அங்கேயே குடும்பத்தோடு தங்கிவிட்டார்கள். இந்தத் தீவுகளை வாழத் தகுந்த நிலமாக மாற்றித் தந்தவர்களுக்கு அதன் சட்டமன்றத்திலும் பங்கு கிடைக்க வழி இருக்கிறது என்பது நல்ல ஏற்பாடு.

ஸ்டான்லிக்காரர்கள் நகர மண்டபத்துக்கு நடந்தே போய் ஓட்டுப் போட்டுவிடுவார்கள். கேம்ப் கதை வேறு. பல மணி நேரம் கரடுமுரடான பாதையில் போனால்தான் அடுத்த வீடு என்கிற ஆட்டுப் பண்ணைகளும், ஒரே ஒரு குடும்பம் வாழ்கிற சின்னத் தீவுகளும் அங்கே உண்டு. கூஸ் கிரீன், ஃபாக்ஸ் பே மாதிரி ஊர்களில் வாக்குச்சாவடி வைத்தாலும் எல்லாராலும் வர முடியாது. எனவே வாக்குப்பெட்டி வாக்காளரைத் தேடிப் போகிறது. கொஞ்ச தூரம் ஜீப் போன்ற வண்டியில், அப்புறம் அரசு விமான சேவையின் சின்ன விமானத்தில். பண்ணையின் புல்தரையில் விமானம் இறங்கும். அங்கே இருக்கிற இரண்டு மூன்று பேர் ஓட்டுப் போட்டதும் பெட்டி அடுத்த தீவுக்குக் கிளம்பிவிடும்.

கேம்பில் இருப்பவர்கள் சில நூறு பேர்தான். அவர்களுக்கு எட்டில் மூன்று இடம் என்றால், வெறும் எண்ணிக்கைப்படி ஒரு கேம்ப் ஓட்டுக்கு ஸ்டான்லி ஓட்டைவிட மிக அதிக எடை. இரண்டையும் சேர்த்து ஒரே தொகுதியாக்கி, எல்லாரும் எட்டுப் பேரையும் தேர்ந்தெடுக்கலாமா என்று 2001, 2011, 2020 என மூன்று முறை பொதுவாக்கெடுப்பு நடத்திக் கேட்டார்கள். மூன்று முறையும் அது நிறைவேறவில்லை. நிறைவேறாததே சரி என்பேன். ஒரே தொகுதியானால் எட்டுப் பேரும் ஸ்டான்லியிலேயே குடியிருப்பவர்களாக அமைந்துவிட முடியும். படகுத்துறை, மண்சாலை, கம்பளி விலை என்று பேசுவதற்கு மன்றத்தில் ஒரு குரல்கூட இல்லாமல் போகலாம்.

தேர்தல் முடிந்ததும் முதலமைச்சர் என்று ஒருவர் வருவதில்லை. எட்டுப் பேரும் தங்களுக்குள் ஓட்டுப் போட்டு மூன்று பேரை நிர்வாக சபைக்கு அனுப்புகிறார்கள். அதுவும் ஒரே ஓர் ஆண்டுக்குத்தான். அடுத்த ஆண்டு மறுபடி தேர்வு. நிர்வாக சபைக்குத் தலைமை வகிப்பவர் பிரிட்டன் நியமிக்கிற ஆளுநர். அரசின் தலைமை நிர்வாகியும் நிதித்துறை இயக்குநரும் சட்டமன்றத்திலும் நிர்வாக சபையிலும் உட்காரலாம், பேசலாம், ஆனால் ஓட்டுப் போட முடியாது.

2009 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிற அரசியலமைப்புப்படி, ஆளுநர் பொதுவாக நிர்வாக சபையின் யோசனையைக் கேட்டே நடக்க வேண்டும். வரவுசெலவு, மீன்பிடி உரிமம், பள்ளி, மருத்துவமனை எல்லாம் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் கையில். தீவுகளின் வருமானத்தில் பெரும்பங்கு கணவாய் மீன் பிடிக்க வரும் கப்பல்களுக்குக் கொடுக்கிற உரிமத்திலிருந்து வருவதால், இது சின்ன அதிகாரம் இல்லை. பாதுகாப்பு, வெளியுறவு, காவல்துறை போன்றவற்றிலும், நல்லாட்சிக்குத் தேவை என்று கருதும்போதும் ஆளுநர் அவர்கள் யோசனையை மீறி முடிவெடுக்கலாம்.

வெளியுறவு பிரிட்டனிடம் இருந்தாலும், ஐ.நா.வின் காலனியாதிக்க ஒழிப்புக் குழு ஃபாக்லாந்து விவகாரத்தை எடுக்கும்போது இந்த எட்டுப் பேரில் சிலர் நியூயார்க் போய் நேரடியாகப் பேசுகிறார்கள். தீவுகள் தனக்கே சொந்தம் என்று அர்ஜென்டினா அங்கே வாதாடும். இவர்கள் 2013 மார்ச்சில் நடந்த பொதுவாக்கெடுப்பைச் சொல்வார்கள். பிரிட்டனின் கடல்கடந்த பிரதேசமாகவே தொடரலாமா என்ற கேள்விக்கு ஆம் என்று விழுந்தவை 1,513 ஓட்டு, வேண்டாம் என்று விழுந்தவை 3.