இரண்டு சாண் நெஞ்சு

மதுரையில் ஒரு பள்ளி மைதானத்தில் நாய்க் கண்காட்சி. பந்தல் நிழலில் என் பக்கத்தில் திருமங்கலத்துப் பெரியவர் ஒருவர், காலடியில் அவருடைய சிப்பிப்பாறை. மேசை மேல் நின்ற ஜாக் ரஸ்ஸல் டெரியரின் நெஞ்சை நடுவர் இரண்டு கையாலும் சுற்றி வளைத்துப் பிடித்ததும் பெரியவருக்குப் பொறுக்கவில்லை.

“பல்லப் புடிச்சுப் பாத்தாரு, சரி. மாட்டுச் சந்தையிலயும் பாக்குறதுதான். இது என்னப்பா, நாயக் கட்டிப் புடிக்கிறாரு?”

கட்டிப்பிடிக்கவில்லை, அளக்கிறார். அதுவும் மதுரையில் யாருமே பார்க்காத ஒரு நரி வளையை.

லத்தீனில் ‘டெர்ரா’ என்றால் மண். மண்ணுக்குள் இறங்குகிற நாய் டெரியர். இங்கிலாந்தில் குதிரையேறி நரி வேட்டைக்குப் போனவர்கள், வளைக்குள் பதுங்கிய நரியை வெளியே கிளப்ப இந்தக் குட்டி நாயை உள்ளே விட்டார்கள். டெவன் பகுதியில் இதற்கென்றே நாய் வளர்த்த பாதிரியார் ஜான் என்கிற ‘ஜாக்’ ரஸ்ஸல் (1795–1883) பெயரைத்தான் இந்த இனம் தாங்கியிருக்கிறது. குறுகலான வளையில் காலை மடக்கிக்கொள்ளலாம், தலையைத் தாழ்த்திக்கொள்ளலாம். நெஞ்சை என்ன செய்வது?

அதனால்தான் அந்தப் பிடி. முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால், கட்டைவிரல்கள் முதுகின் மேல் சேர, மற்ற விரல்கள் அடிநெஞ்சில் சந்திக்க வேண்டும். உலக நாய்ச் சங்கங்களின் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ., 25 முதல் 30 செ.மீ. உயரமுள்ள இந்த நாய்க்கு நெஞ்சுச் சுற்றளவு 40 முதல் 43 செ.மீ. என்கிறது. நம் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு சாண்.

அப்படியானால் டேப் போதாதா? போதாது. டேப் சுற்றளவைச் சொல்லும், விலாவின் வடிவத்தைச் சொல்லாது. பீப்பாய் மாதிரி உருண்ட விலா, அழுத்தினால் அசையாது. முட்டை வடிவில் இறங்கும் விலா லேசாக அமுங்கிக் கொடுக்கும். நடுவரின் விரல்கள் தேடுவது அந்த நெகிழ்வைத்தான். அதற்காகப் பலகையாய்த் தட்டையாக இருந்தாலும் ஆகாது, மண்ணுக்கடியில் மூச்சு வாங்க நுரையீரலுக்கு இடம் வேண்டுமே. நல்ல டெரியரின் விலாக்கூடு பின்பக்கமாக நீண்டிருக்கும். அகலத்தில் விட்டதை நீளத்தில் பிடித்துக்கொள்ளும்.

மற்றதெல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும். மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களை ஒட்டினாற்போல் கத்தரிக்கோலாய் மூட வேண்டும். பிறகு ஓடவிட்டு, எதிரே வரும்போதும் திரும்பிப் போகும்போதும் கால்கள் நேராக விழுகின்றனவா என்று பார்ப்பார்.

அடுத்து வந்தது கம்பிமுடி ஃபாக்ஸ் டெரியர். தாடி, மீசை, புருவம் எல்லாம் உண்டு. மீசையைப் பற்றி மதுரைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் இந்த மீசைக்கு ஆர்.எஸ்.பி.ஓ.2 என்ற மரபணு காரணம் என்று 2009இல்தான் தெரிந்தது. எஃப்.ஜி.எஃப்.5 முடி நீளத்தையும், கே.ஆர்.டி.71 சுருளையும் தீர்மானிக்கின்றன. பெரும்பாலான நாய் இனங்களின் முடி வகைகளை இந்த மூன்றின் சேர்க்கையே விளக்கிவிடுகிறது. மீசை மரபணுவில் மாற்றம் இருந்து, மற்ற இரண்டின் மாற்றங்கள் இல்லையென்றால் கம்பிமுடி.

நடுவர் அந்த முடியை எதிர்ப்பக்கமாக வருடிப் பார்ப்பார். கத்தரித்து வளர்த்த முடி மென்மையாகி, நிறமும் வெளுத்துப்போகும். முதிர்ந்து வேர்ப்பிடி தளர்ந்த முடியை விரலால் பிடுங்கி எடுத்தால்தான் அதே இடத்தில் புதுமுடி விறைப்பாக முளைக்கும். இதற்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். கத்தரி எடுத்தவரின் நாய் நடுவரின் கையில் மாட்டிக்கொள்ளும்.

இவ்வளவையும் சொல்லி முடித்தேன். என்னைக் கேட்டால், இங்கே ஒரு பெருச்சாளியைக்கூடத் துரத்தாத நாய்க்கு நரி வளையின் அளவு எதற்கு என்ற கேள்வி நியாயம்தான். பெரியவர் அதைக் கேட்கவில்லை. குனிந்து தன் சிப்பிப்பாறையின் நெஞ்சைச் சுற்றிக் கை கொடுத்துப் பார்த்தார். விரல்கள் சேரவில்லை, இடையில் ஒரு சாணுக்கு மேல் நின்றது.

“இது முயலு பின்னாடி ஓடுற நாயி தம்பி. இதுக்கு எதுக்கு வளை?” என்றார்.